கறுப்பிக்கு ஊற்றிய புது ஒயில்

என்னை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்ட என் அருமை மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிற உன் ஆட்டைத் திவசத்துக்கு நினைவுமலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். உன் படம் வரும், தேவாரம் வரும், பின்னட்டையில் நன்றி நவிலல் வரும். "சாமித்தம்பி அண்ணன், நீங்க அவரோட சின்னனில இருந்து ஒண்டாத் திரிஞ்ச ஆள், ரெண்டு வரி எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். இரண்டு வரியில் எதையும் சொல்லத் தெரியாதவன் நான் என்று உனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியவில்லை. இடம் காணாவிட்டால் நன்றி நவிலலைச் சுருக்கட்டும்.

உன்னைப் பற்றிப் புகழ்ந்து எழுதத்தான் கடதாசியை எடுத்தேன். ஆனால் மச்சான், ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு எதையும் எழுதக் கை போகவில்லை. போன மாரியில் நான் பட்ட பயத்தை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது? ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய்தான், ஆனால் நீ சிரித்தால் எனக்குக் கோபம் வராது.

கறுப்பி இருக்கிறாள். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், கறுப்பி என்பது இவனுடைய பழைய கறுப்புக் கார். ஒரு டொக்டர் ஓட்டி, பிறகு ஒரு முதலாளி ஓட்டி, மைல் எண்ணுகிற பெட்டி சுற்றிச் சுற்றி அலுத்து நின்றுபோன பிறகுதான் இவன் கைக்கு வந்தாள். அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் ஊர் முழுவதையும் ஏற்றி இறக்கினாள். சாமான் இறக்குமதி நின்றுபோன காலத்திலும் கம்பி கட்டி, துணி சுற்றி இவன் ஓட்டினான்.

நான் தையல்காரன். கால் மிதிக்க வேண்டும், ஊசி ஓட வேண்டும், ஆள் இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. அதுதான் என் தொழில், அதுதான் எனக்குப் பிடித்ததும். உன் கால் வீங்கத் தொடங்கியதும், "மச்சான், நீ பெடல் மிதிக்கிற ஆள்தானே, இதுவும் பெடல்தான்" என்று என்னைப் பிடித்து இருத்தினாய். பக்கத்தில் இருந்து நீ ஏசிக்கொண்டு வரும்வரைக்கும் எனக்கு ஒரு தைரியம். நீ போன பிறகு ரோட்டில் ஒரு மாடு நின்றாலே எனக்கு நெஞ்சு அடிக்கிறது. மாடு விலகிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அடிக்கிறது.

காரை விற்றுவிடலாம் என்று ஒருநாள் வாய் தவறி உன் கனகத்திடம் சொல்லிவிட்டேன். என் தங்கச்சி எனக்கு முன்னால் சத்தம் போட்டுக் கதைத்ததே இல்லை. அன்றைக்குக் கதைத்தாள். "அண்ணன், அந்தக் கார் ஏன் வந்தது எண்டு அயத்துப் போச்சா உங்களுக்கு?"

எப்படி மறந்து போகும்? நம் ஊர் படுவான்கரையில். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆற்றைக் கடந்து எழுவான்கரைக்குப் போக வேண்டும். மண்முனைத் துறையில் பாதை ஓடும். வெளியூர்க்காரர் குழம்ப வேண்டாம், ஆளையும் வண்டியையும் ஏற்றி இழுத்துக்கொண்டு போகிற தட்டையான மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். காற்று எழும்பினால் அது ஓடாது. உங்கள் மூத்த பிள்ளைக்கென்று கனகத்துக்குப் பிரசவ நோ வந்த அன்றைக்குக் காற்று எழும்பியிருந்தது. வவுணதீவு வழியாகச் சுற்றிப் போக வண்டில் மாட்டால் ஏலவில்லை. துறையிலேயே, வண்டிலுக்குள்ளேயே பிறந்தது. பெண்பிள்ளை. அது அழவில்லை. நாங்கள் எல்லாரும் அது அழுமென்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீ வட்டையில் இருந்த உன் வயல் பங்கை விற்றுக் கறுப்பியைக் கொண்டுவந்தது அந்த வருடம்தான். "இனி வண்டில் இல்ல" என்று மட்டும் சொன்னாய். பிறகு மலர் பிறந்தாள். கறுப்பியில் போய்ப் பிறந்தாள். அந்தப் பயணத்தில் நான் பின்சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே.

அந்த மலருக்குத்தான் மச்சான், போன மாரியில் மாதம் நிறைந்தது.

மிட்வைஃப் அம்மா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "பிள்ளை கால் கீழ இரிக்கு. நோ வந்தா இஞ்ச வச்சிருக்க ஏலா. பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகோணும், வெள்ளனவே போய் அங்கால நிண்டா நல்லம்." ஆற்றுக்கு அங்கால நாவற்குடாவில் நம் சொந்தக்காரர் வீட்டில் போய் நிற்பதென்று பேசி முடித்தோம். இரண்டு கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை போவதென்று நாளும் பார்த்தாயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் உன் மருமகன் தவம் லீவில் வந்தான். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறவன் அல்லவா, வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் சட்டைத்துணி கொண்டுவருவார்கள், ரேடியோ கொண்டுவருவார்கள். இவன் தகர டின்களில் ஒயில் கொண்டுவந்தான். கொழும்பில் இருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம். பெண்டாட்டிக்குச் சேலை பெட்டியில், காருக்கு ஒயில் மடியில். மலர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"மாமா, இது நிலத்துக்குள்ள இருந்து எடுக்கிற ஒயில் இல்ல. செயற்கையாச் செஞ்சது. எவ்வளவு சூட்டுக்கும் எரிஞ்சு போகாது, எவ்வளவு குளிருக்கும் கட்டியாகாது" என்றான்.

"இஞ்ச எங்கடா குளிர்?" என்று கேட்டேன்.

"அதுக்கில்ல மாமா. மலரை ஏத்திக்கொண்டு போற கார். எஞ்சின் கிழடு. நல்ல சாமான் விட்டா நம்பிப் போகலாம்."

அவனைக் குறை சொல்ல மாட்டேன். பெண்டாட்டியின் பயணத்துக்காகத்தான் கொண்டுவந்தான். நானும் அதே பயணத்தை நினைத்துத்தான் பயந்தேன். அவனுடைய பயம் புது ஒயிலைக் கொண்டுவந்தது, என்னுடைய பயம் பழைய ஒயிலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வேம்புக்குக் கீழே காரை நிறுத்தி, அவன் அடியில் படுத்து நட்டைக் கழற்றினான். கறுப்புக் குழம்பாய் இறங்கியது. "மாமா, இது ஒயிலா, தாரா?" என்று கேட்டான். நான் குனிந்து சொன்னேன்: "தம்பி, முழுக்க வடியாத. ஒரு கோப்பையளவு உள்ள விடு. உன்ட மாமனார் எப்பவும் விடுறவர்."

"ஏன் மாமா?"

"உறைக்கு."

அவனுக்கு விளங்கவில்லை. உன் தாய் வீடு எருமைப் பட்டி வைத்துத் தயிர் விற்ற வீடென்பது அவனுக்குத் தெரியாது. பழைய தயிர் ஒரு கரண்டி இல்லாமல் புதுச் சட்டி தோயாது என்று பார்த்து வளர்ந்தவன் நீ. காரும் அப்படித்தான் என்று உனக்கு ஒரு பிடிவாதம். ஒயில் மாற்றும் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பழசை உள்ளே விட்டுத்தான் நட்டை இறுக்குவாய். "முழுக்க வடிச்சா எஞ்சினுக்கு வீடு மறந்திரும் மச்சான்" என்பாய். ஆரையம்பதி மெக்கானிக், "போடியார், இது எஞ்சினா தயிர்ச்சட்டியா?" என்று கேட்டுச் சிரித்தது எத்தனை தரம்? நீ அசைந்தாயா?

தவமும் சிரித்தான். "பாலில உறை விட்டா தயிராகும். ஒயிலில உறை விட்டா என்னவாகும் மாமா?"

"ஒயிலாகும்" என்றேன். வேறென்ன சொல்ல? மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கனகமும் சிரித்தாள். "அவர் கப்பலையே பாக்கிற ஆள் அண்ணன், விடுங்க" என்றாள். விட்டேன். கடைசிச் சொட்டும் வடிந்தது. பிறகு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி அதையும் வடித்தான். உள்ளே இத்தனை வருடம் படிந்து கிடந்ததெல்லாம் தூள் தூளாய் வந்தது.

நான் ஒன்று செய்தேன். வீட்டுப் பின்கோடிக்குள் கிடந்த உன் வெறும் சாராயப் போத்தல் ஒன்றை எடுத்து, வடிந்த கறுப்பு ஒயிலில் ஒரு போத்தல் நிரப்பி, துணி அடைத்து, என் சீற்றுக்குக் கீழே வைத்தேன். மிச்சத்தை வேலிக் கதியாலுக்குக் கறையான் பிடிக்காமல் ஊற்றினார்கள். ஏன் வைத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீ போன பிறகு குறைந்ததற்கு மேலே விட்டேனே தவிர, நான் ஒருநாளும் மாற்றவில்லை. அது நீ கடைசியாக உன் கையால் ஊற்றியது. வேலிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

புது ஒயில் தேன் நிறத்தில், மெல்லிசாய், என் தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெய் போல இருந்தது. அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இந்தத் தண்ணியா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தவம் ஸ்டார்ட் பண்ணினான். மச்சான், சத்தமே இல்லை! டக டக என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு வருகிற நம் கறுப்பி, புதுப் பொம்பிளை போலக் குனிந்த தலை நிமிராமல் நின்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பயம் பிடித்தது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவள் சுகமாய் இருக்கிறாளா, ஏலாமல் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியும். இனி எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

இரண்டு மூன்று நாளில் தவத்துக்குத் தந்தி வந்தது. கப்பல் வெளிக்கிடுகிறது, உடனே வரவும். பிள்ளை பிறக்கும்வரைக்கும் நிற்கலாம் என்று வந்தவன், மலரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு மிச்ச டின்களைத் தந்தான். "மாமா, குறைஞ்சா இதை மட்டும்தான் விடோணும். வேற ஒயில் கலந்திராதீங்க. கலந்தா கட்டிபட்டு எஞ்சின் இறுகிரும் எண்டு கப்பல்ல ஒருத்தன் சொன்னவன். எனக்கு வடிவாத் தெரியாது. ஆனா கலக்காதீங்க."

அவன் போன மறுநாள் விடிய எழும்பிப் பார்க்கிறேன், காருக்குக் கீழே மணலில் ஈரம். நம் நாயின் வேலை என்று நினைத்து அதற்கு ஏசினேன். பிறகு விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒயில். நாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை.

அன்றையில் இருந்து எனக்கு நித்திரை போய்விட்டது மச்சான். தயிர்ச்சட்டி ஒன்றைக் கீழே வைத்தேன். காலையில் சட்டியில் சேர்ந்ததை வெள்ளைத் துணியில் வடித்துத் திரும்ப ஊற்றினேன். நிற்கும்போது ஒழுகுவதைச் சட்டி பிடிக்கும், ஓடும்போது ஒழுகுவதை யார் பிடிப்பது? சந்திக்குப் போய் வந்தால் ஒயில் அளக்கிற குச்சியில் ஒரு விரலளவு இறங்கியிருக்கும். டின் ஒவ்வொன்றாய் வெறுமையானது. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால் ஆற்றுக்கு அங்கால போக வேண்டும். மாரி தொடங்கிவிட்டது, பாதை ஓடுவதும் நிற்பதுமாய் இருக்கிறது. போனால் திரும்பி வர ஒயில் காணுமா? திரும்பி வராவிட்டால் மலரை எதில் ஏற்றுவது?

சவாரி போவதை நிறுத்தினேன். கடைசி டின்னை மட்டும் உடைக்காமல் வைத்தேன். கனகத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தத் துறையை நினைத்தாலே பயம், அதற்கு மேலே இதையும் ஏற்றக்கூடாது என்று நினைத்தேன். கடையில் இருந்து சட்டை வெட்டினால் கை வெட்ட வேண்டிய இடத்தில் காலர் வருகிறது. ஒருவருக்கு இரண்டு இடக்கை தைத்துக் கொடுத்துவிட்டேன்.

நாள் பார்த்த அந்தத் திங்கட்கிழமை வரைக்கும் பிள்ளை பொறுக்கவில்லை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு போட்ட நேரத்தில் மலருக்கு நோ வந்தது.

கடைசி டின்னை ஊற்றினேன். மலரைப் பின்சீற்றில் படுக்க வைத்து, கனகம் தலைமாட்டில், மிட்வைஃப் அம்மா முன்சீற்றில். மழை தூறிக்கொண்டு இருந்தது. தான்தோன்றியப்பா என்று சொல்லித்தான் கியரைப் போட்டேன். துறைக்குப் போனால், பாதை கரையில் கட்டிக் கிடக்கிறது. ஆறு கறுத்துப்போய், அலை பாதையின் பலகைக்கு மேலால் அடிக்கிறது. பாதைக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணன், காத்தப் பாருங்க. இதில கார ஏத்தினா காரும் இல்ல, நாங்களும் இல்ல. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

பொறுத்துப் பார்ப்போம். அன்றைக்கும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? நான் கண்ணாடியில் கனகத்தைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்க்கவில்லை. கரையில் அந்த மருத மரத்தடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வண்டில் நின்ற இடம்.

"இஞ்ச நிக்க ஒண்ணா" என்றாள். "கிறுக்குங்க அண்ணன். காரைக் கிறுக்குங்க."

கிறுக்கித் திருப்பினேன். வவுணதீவுக்குப் போகிற சுற்று ரோட்டு உனக்குத் தெரியும்தானே, கிரவலும் குழியும், இரண்டு பக்கமும் வெள்ளம் ஏறின வயல், கடை கண்ணி ஒன்றும் கிடையாது. ஒரு டின் ஒயிலில் அவ்வளவு தூரமா? மலர் நோவில் முனகுகிறாள், நான் ரோட்டைப் பார்க்காமல் அந்த லைட்டையே பார்க்கிறேன். ஒயில் குறைந்தால் எரிகிற சின்னச் சிவப்பு லைட். "அது பத்தினா உடனே நிப்பாட்டு மச்சான், இல்லாட்டி அவள் தானா நிப்பாள், மறுகா எழும்பமாட்டாள்" என்று நீ சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஒரு வளைவில் மினுங்கி அணைந்தது. குழியில் விழுந்து எழும்பும்போது மறுபடி மினுங்கியது. பிறகு பற்றினது பற்றினபடியே நின்றது. நான் காரை ஓரம் கட்டினேன்.

"என்ன நிப்பாட்டினீங்க?" மிட்வைஃப் அம்மா கேட்டார். "பிள்ளை பொறுக்காது ஐயா!"

பொனட்டைத் திறந்து குச்சியை இழுத்தேன். நுனியில் பட்டும் படாமலும் ஈரம். கண்ணுக்கு எட்டின தூரத்துக்கு ஒரு மனிசன் இல்லை, ஒரு வீடு இல்லை. அப்போதுதான் சீற்றுக்குக் கீழே இருந்த போத்தல் நினைவுக்கு வந்தது. எடுத்துக்கொண்டு வந்து மழையில் நின்றேன். ஊற்றவும் பயம், ஊற்றாமல் விடவும் பயம். கலந்தால் இறுகும் என்று தவம் சொல்லிப் போனான். பால் திரைகிற மாதிரி உள்ளே திரைந்து கட்டிபட்டால்? இந்த நடு ரோட்டில் மலர்? உன் மகளை உன் காரில் வைத்து நானே கொன்றவன் ஆவேனா? மச்சான், எனக்கு அந்த நேரம் உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஏன்டா போனாய், வந்து சொல்லித் துலையேன்டா என்று வாய்விட்டே ஏசினேன்.

கனகம் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தாள். "என்ன அண்ணன் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

"ஒயில் முடிஞ்சுது கனகம். இதைக் கலந்தா எஞ்சின் இறுகினாலும் இறுகும்."

"கலக்காட்டி?"

"கட்டாயம் இறுகும்."

"அப்ப விடுங்க." பிறகுதான் போத்தலைப் பார்த்தாள். "இது அவர்ட போத்தலெல்லோ?"

"ஓம். உள்ளுக்குக் கிடக்கிறதும் அவர் விட்டதுதான். அண்டைக்கு வடிச்சது."

அவள் தன் சேலைத் தலைப்பை விரித்து எஞ்சினுக்கு மேலே மழை படாமல் பிடித்தாள். "விடுங்க அண்ணன். முழுக்க விடுங்க."

முதல் வாய் வெளியில் கொட்டியது. மிச்சமெல்லாம் உள்ளே போனது. நம் எருமைத் தயிர் வழிகிற மாதிரித்தான், அவசரமே இல்லாமல் இறங்கியது. போத்தலைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுக்காக நின்றேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். லைட் எரிந்தது. அணையவில்லை. மலர் கத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஓம், அன்றைக்குப் போலவே மூடிக்கொண்டேன். மூடியிருந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. டக. டக டக. மெல்லமாய், தூரத்தில் நீ வருகிற மாதிரி. கண்ணைத் திறந்து பார்த்தேன், லைட் இல்லை.

நான் அழுதுவிட்டேன் மச்சான். மிட்வைஃப் அம்மா, "அழுறத ஓடிக்கொண்டே அழுங்க" என்றார். ஓடிக்கொண்டே அழுதேன்.

அதோடு பயம் முடிந்தது என்று நினைக்காதே. ஒவ்வொரு குழிக்கும் அந்த லைட்டைப் பார்த்தேன். வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது எதிரே ஒரு லொறி வந்தது. நான் விட்ட சத்தத்தில் லொறிக்காரனே பின்னால் எடுத்தான். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன், மலரைத் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். காருக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தேன். கறுப்பிக்குக் கீழே சொட்டுச் சொட்டாய் விழுந்துகொண்டிருந்தது. இனி விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளே என்ன நடக்கிறதோ? கேட்கவும் பயம். யாராவது வெள்ளை உடுப்போடு வாசலுக்கு வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வெளிச்சம் மங்குகிற நேரம் கனகம் வந்தாள். நடக்கிற நடையைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை. கிட்ட வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன், அழுகுது" என்றாள். "சத்தமா அழுகுது அண்ணன்."

உனக்கு அங்கே கேட்டதா?

பெண்பிள்ளை. மலர் சுகம். கால்தான் முதலில் வந்ததாம், வீம்பில் உன்னைப் போல. அந்தக் கத்தல் கத்துகிறாளே, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் முறைப்பட்டார்கள். கனகம் ஒருநாளும் அவளை அழாதே என்று சொல்வதில்லை. அழட்டும், அழட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஆரையம்பதி மெக்கானிக் பிறகு கறுப்பியைக் கழற்றிப் பார்த்தார். கட்டியும் இல்லை, திரையவும் இல்லை. கலந்தால் ஒன்றும் ஆகாதாம், அது சும்மா கதையாம். அந்தப் பயத்தில் நான் அரை உயிரானேனே, அதை யார் திருப்பித் தருவார்? ஒயிலிலும் பிழை இல்லை என்றார். "எஞ்சினுக்கு வயசு போயிற்று. ரப்பர் சீல் எல்லாம் சுருங்கிக் கிடந்தது, அழுக்குத்தான் அடைச்சுக்கொண்டு ஒழுகாம வச்சிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினதும் வழி திறந்திற்று. மெல்லிய ஒயில், போகாம என்ன செய்யும்? ஆனா ஒண்டு, அவ்வளவு குறைஞ்சும் எஞ்சின் கீறாம தப்பினது அந்த நல்ல ஒயிலாலதான்."

"அப்ப உறை?" என்று கேட்டேன்.

"உறையும் இல்ல, மோரும் இல்ல. குறைஞ்சதுக்கு ஒரு போத்தல் விட்டீங்க, அளவு ஏறினது, லைட் நிண்டது. அவ்வளவுதான் ஐயா."

இருக்கலாம். படித்தவர் இல்லாவிட்டாலும் எஞ்சினைத் தெரிந்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மச்சான், அளவு ஏற வேறு எந்த ஒயில் அந்த ரோட்டில் இருந்தது? நீ உறை உறை என்று பிடிவாதம் பிடித்திராவிட்டால் நான் அந்தப் போத்தலை நிரப்பியிருப்பேனா? உன்னிடம் பதில் இருந்தால் வைத்துக்கொள், வந்தால் கேட்கிறேன்.

தவத்துக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டோம். "இனி வரேக்க ஒயில் கொண்டுவர மாட்டன் மாமா, சீல் கொண்டுவாறன்" என்று எழுதியிருக்கிறான். மகளின் படம் கேட்டிருக்கிறான். எடுத்தோம். வாயைத் திறந்து அழுதபடியேதான் விழுந்திருக்கிறாள்.

சீல் வரும்வரைக்கும் பழையபடி கெட்டி ஒயில் விடுவதென்று மெக்கானிக் அடி நட்டைக் கழற்றினார். நான் பக்கத்தில் கோப்பையோடு குந்தியிருந்தேன். "ஐயா, நீங்களுமா?" என்றார். "சிரிக்கிறத சிரிச்சுப்போட்டு, ஒரு கோப்பை உள்ள விட்டு நட்டை இறுக்குங்க" என்றேன். இறுக்கினார். உள்ளே உன்னுடையதும் கிடக்கிறது, உன் மருமகனுடையதும் கிடக்கிறது.

என் பயம் போகவில்லை மச்சான். மாட்டுக்குப் பயம், பாலத்துக்குப் பயம், அந்தச் சிவப்பு லைட் கனவிலும் எரிகிறது. ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கை கால் இருக்கும்வரைக்கும் இந்தக் காரை நான் விற்க மாட்டேன். காற்று எழும்புகிற நாளில் உன் பேத்தியை ஆற்றங்கரையில் காத்திருக்க விட மாட்டேன், கிறுக்கிக்கொண்டு சுற்று ரோட்டால் போவேன், பயந்து பயந்தாவது போவேன். ஒயில் மாற்றும் ஒவ்வொரு தரமும் ஒரு கோப்பை உள்ளே விடுவேன். அவள் வளர்ந்து ஏன் தாத்தா என்று கேட்பாள். உன் பெயரைச் சொல்வேன்.

கனகத்தின் அண்ணன்,
மலருக்கு மாமன்,
கண்ணை மூடிக்கொண்டாலும் ஸ்டியரிங்கை விடாத உன் மச்சான்,
சாமித்தம்பி